கீழ்த்திசை ஆய்வும் நம் கடமையும்

பூச்சோங் கடைத்தெருவில் நடந்து செல்வோர்க்கு நாள்தோறும் ஒரு காட்சி கண்ணிற் படும். மலாய்மொழிப் பெயர்ப் பலகைகளின் இடையே ஒரு கடையில் சீன எழுத்தும், அதனை அடுத்த கடையில் தமிழ் எழுத்தும் தோன்றும். ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களுமாக இருந்த இவ்வட்டாரம் இன்று மாடிக் கட்டடங்கள் நிறைந்த நகரமாகிவிட்டது. சுரங்கத்திற் சீனரும் தோட்டத்தில் தமிழரும் உழைத்த காலம் போய், இருவரும் ஒரே மாடி வீட்டில் மேலும் கீழும் குடியிருக்கும் காலம் வந்துவிட்டது. ஆயினும் ஒருவர் எழுத்தை மற்றவர் படிக்க அறியார்.

இதில் வியப்பென்ன என்று கேட்கலாம். வியப்பு இதுதான். தமிழும் சீனமும் ஒன்றையொன்று சந்தித்தது நேற்றன்று. பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தமிழ் வணிகர் சீனத்துத் துறைமுகத்திற் குடியிருந்தனர். சீனக் கலங்கள் தமிழகக் கரையை நாடி வந்தன. இந்த உறவின் வரலாற்றை நமக்கு விளக்கிச் சொன்னோருள் தலையாய ஒருவர் தமிழரும் அல்லர், சீனரும் அல்லர், அவர் ஜப்பானியர். இரு மொழிகளும் பள்ளி மொழிகளாக வாழும் மலேசிய மண்ணிலிருந்து அப்பணிக்கு ஏன் பலர் எழவில்லை? அறிவுக் குறையா, ஆர்வக் குறையா, அன்றி ஆதரவுக் குறையா? இக்கட்டுரை அவ்வினாவை ஆராய முற்படுகிறது.

கல் சொல்லும் செய்தி

தென்சீனத்தின் புக்கியன் மாநிலத்தில் சுவான்சௌ என்றொரு துறைமுகம் உண்டு. மார்க்கோ போலோ அதனைச் சைத்தூன் என்று குறித்தார். அங்கு 1956ஆம் ஆண்டில் ஒரு கல்வெட்டுக் கிடைத்தது. அதன் பெரும்பகுதி தமிழில் அமைந்தது. இறுதியிற் சீன எழுத்துகள் உள்ளன. சக ஆண்டு 1203, சித்திரைத் திங்கள் என்று அது காலம் குறிக்கிறது. கிறித்துவ ஆண்டுக் கணக்கில் அது 1281 ஆகும். தவச்சக்கரவர்த்திகள் என்னும் சிறப்புப் பெயருடைய சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசைகான் என்னும் மன்னனின் உடல் நலத்திற்காகச் சிவபெருமான் திருமேனியை எழுந்தருளுவித்தார் என்பது அதன் செய்தி. செகசைகான் என்பான் அந்நாளில் சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசன் குப்ளாய் கானே என்பது ஆய்வாளர் கருத்து.

அந்நகரில் இந்துக் கோயிலுக்குரிய சிற்பக் கற்கள் முந்நூற்றுக்கு மேல் கிடைத்துள்ளன. அவற்றுட் சில கையுவான் என்னும் பௌத்தப் பெருங்கோயிலின் தூண்களிலும் அடித்தளத்திலும் பதிக்கப்பட்டுள்ளன. இக்கற்களைத் தேடித் தொகுத்தவர் வூ வென்லியாங் என்னும் உள்ளூர் ஆசிரியர். அவரது தொகுப்பு 1957இல் நூலாக வெளிவந்தது. 2021ஆம் ஆண்டில் சுவான்சௌ நகரம் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது.

இனித் தமிழகக் கரையை நோக்குவோம். நாகப்பட்டினத்தில் சீவிசய மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராசராசன் அளித்த செய்தியை லெய்டன் செப்பேடுகள் என வழங்குவன தெரிவிக்கின்றன. அதே கடற்கரையில் செங்கல்லால் எழுந்த கோபுரம் ஒன்று இருந்ததையும், அதில் 1267ஆம் ஆண்டைக் குறிக்கும் சீன எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்ததையும் வாங் தாயுவான் என்னும் சீனப் பயணி 14ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தார். சீனக் கோபுரம் என்று மக்கள் அழைத்த நாகையின் பழங்கட்டடம் 1867இல் இடிக்கப்பட்டது.

இலங்கையின் காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு இன்னும் வியப்புக்குரியது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த அக்கல் 1409ஆம் ஆண்டைச் சார்ந்தது. அதன் சீனப் பகுதி புத்தர் பெருமானையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றிக் காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றது. நம் மலாக்காவுக்கு வந்து சென்ற அதே செங் ஹோ, இலங்கைக் கரையில் நிறுத்துவதற்கான கல்லில் தமிழைப் பொறிக்கச் செய்தார் என்றால், இந்துமாக் கடலின் வணிக வாழ்வில் தமிழ் பெற்றிருந்த இடத்தை ஊகித்துக் கொள்ளலாம்.

இவ்விரு கரைகளுக்கும் நடுவே அமைந்தது கடாரம். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் இந்திய மரபுக் கோயில்களின் அடித்தளங்களும், பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான் ஓடுகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. கிழக்கும் மேற்கும் காற்றுக்காகக் காத்திருந்து கைகுலுக்கிய இடம் நம் நாடு. ஆகவே இவ்வரலாறு நமக்கு அயலார் வீட்டுக் கதையன்று. நம் வாயிலில் நடந்த செய்தியே ஆகும்.

ஒருபுறச் சான்று போதாது

கல் கிடைத்துவிட்டால் வரலாறு கிடைத்துவிடுமா? இல்லை. சுவான்சௌக் கல்வெட்டு 1956இல் கிடைத்தது. டி. என். சுப்பிரமணியம் அதனை ஆராய்ந்து எழுதிய கட்டுரை வெளிவந்தது 1978இல். இடையிற் கழிந்தவை இருபத்திரண்டு ஆண்டுகள். அக்கல்லை முற்ற விளங்கிக் கொள்ள 13ஆம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்தறிவு வேண்டும்; சீன மொழியறிவு வேண்டும்; மங்கோலியர் ஆட்சி முறையும் பட்டப் பெயர்களும் தெரிந்திருத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒருவரிடத்தில் அமைவது அரிது. மூவர் கூடி அமர்வதற்கு ஓர் இடமும் எளிதில் வாய்ப்பதில்லை.

ஒரு கரைச் சான்றை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். சோழர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளிற் சீனத்துச் சுங் அரசவைக்குத் தூது விடுத்தனர். கடைசித் தூதுக் குழுவில் எழுபத்திருவர் சென்றனர். முதலாம் இராசேந்திரன் கடாரத்தை வென்றான் என்று அவன் மெய்க்கீர்த்தி முழங்குகிறது. அப்படையெடுப்பு 1025ஐ ஒட்டி நிகழ்ந்தது. ஆனால் 1106இல் பாகான் நாட்டுத் தூதரை எவ்வாறு வரவேற்பது என்ற ஆலோசனை சீன அரசவையில் எழுந்தபோது, சோழநாடு சீவிசயத்துக்கு அடங்கியது என்று அதிகாரிகள் மன்னருக்கு உரைத்ததாகச் சீன ஆவணம் பதிந்துள்ளது!

தமிழ்க் கல்வெட்டை மட்டும் படித்தவர் சோழரே கடலின் தலைவர் என்பார். சீன ஆவணத்தை மட்டும் படித்தவர் சோழர் சீவிசயத்தின் கீழ்ப்பட்டவர் என்பார். இரண்டையும் அருகருகே வைத்து, அச்செய்தியைச் சீன அவைக்கு எடுத்துச் சென்றவர் எவர், அவ்வாறு சொன்னதால் அவர்க்கு விளைந்த வணிக ஊதியம் யாது என்று கேட்பவரே வரலாற்றாசிரியர். இக்கேள்வியைக் கேட்க இரு மொழி வேண்டும். இரு மொழி கற்க ஆண்டுகள் வேண்டும். அவ்வாண்டுகளில் வயிற்றுக்குச் சோறு வேண்டும். ஆய்வு உதவித்தொகை என்பதன் தேவை இங்கேதான் பிறக்கிறது.

ஒரு ஜப்பானியரின் நாற்பதாண்டு

நொபொரு கராஷிமா 1933இல் பிறந்தவர். தோக்கியோப் பல்கலைக் கழகத்தில் பயின்று, 1961இல் சென்னைக்கு வந்தார். 1964 வரை சென்னைப் பல்கலைக் கழகத்தில் தங்கித் தென்னிந்திய வரலாற்றைக் கற்றார். உதகமண்டலத்தில் அந்நாளில் இயங்கிய கல்வெட்டு அலுவலகத்தில் அமர்ந்து, கல்லெழுத்துகளைப் படிக்கும் பயிற்சி பெற்றார். சோழர் காலத் தமிழைப் படிக்கவே இவ்வளவு உழைப்பு!

அவ்வுழைப்பின் முதற்கனிகளுள் ஒன்றைக் கோலாலம்பூரே சுவைத்தது. 1966 ஏப்ரலில் இங்கு நடைபெற்ற முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டில் அவர் அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரு சோழர் காலத்து ஊர்களைப் பற்றிக் கட்டுரை அளித்தார். திருச்சிராப்பள்ளியை அடுத்த அவ்விரு ஊர்களும் அண்டை ஊர்களே. ஆயினும் பிரமதேயமாகிய ஈசானமங்கலத்தில் நிலம் தனியார் உடைமையாகவும், அல்லூரில் ஊராரின் பொதுவுடைமையாகவும் இருந்ததைக் கல்வெட்டுகளைக் கொண்டே அவர் காட்டினார். மன்னர் போர்களையே வரலாறாகக் கருதிய காலத்தில், உழுதவன் நிலத்தைப் பற்றி ஒரு ஜப்பானிய இளைஞர் வினவியது தமிழாய்வுக்குப் புதுத்திசை காட்டியது.

பின்னர் அவர் எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளிற் காணும் பெயர்களைக் கணிப்பொறியின் துணைகொண்டு தொகுத்து 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். 1984இல் தென்னிந்தியச் சமுதாய வரலாறு பற்றிய நூல் வந்தது. பெரியபட்டினம் முதலிய தமிழகக் கடற்கரை ஊர்களில் மண்ணிற் கிடந்த சீனப் பீங்கான் ஓடுகளைத் தேடும் பணியிலும் அவர் ஈடுபட்டார். தென்கிழக்காசியாவிலும் சீனத்திலும் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகளையும் அவ்வோடுகளையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்த தொகுப்பு நூல் 2002இல் வெளிவந்தது. 1961இல் தொடங்கிய கல்வி 2002இல் அந்த அறுவடையைத் தந்தது. நாற்பதாண்டுகள்! 2013இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 2015இல் அவர் மறைந்தார்.

அவர் 1989 முதல் 2010 வரை உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்தார். மாநாட்டிற்கு ஆய்வுக் கட்டுரைகள் உருவாகப் போதிய காலம் வேண்டும் என்று அவர் வலியுறுத்தியதும், அதுபற்றிய கருத்து வேறுபாட்டினிடையே 2010இல் அப்பொறுப்பிலிருந்து விலகியதும் பலரும் அறிந்தவை. விழா எடுக்க விரைவு வேண்டும். ஆராய்ச்சிக்குப் பொறுமை வேண்டும். இவ்விரண்டின் வேற்றுமையை அவர் தம் செயலாற் காட்டினார்.

அறிவாற்றல் அவருடையது. ஆனால் தம் பல்கலைக் கழகங்களில் பதவியும் நூலகமும் உடனுழைக்கும் அறிஞரும் இல்லாதிருப்பின் அவ்வாற்றல் என்ன ஆகியிருக்கும்? தமிழ் ஜப்பானியருக்குத் தாய்மொழியன்று, அயல்மொழி. அவ்வயல்மொழியின் பழங்கல்வெட்டைப் படிக்கும் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் சோறிடுவது வீண் என்று அந்நாட்டார் எண்ணவில்லை.

புகழுரையும் ஆராய்ச்சியும்

ஜப்பானிலிருந்தே மற்றொரு செய்தியும் வந்தது. சுசுமு ஓனோ என்னும் மொழியறிஞர், ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் உழைத்தனர். நெல் விளைவிப்பது தொடர்பான சொற்களும், பொங்கலை ஒத்த ஜப்பானியப் புத்தாண்டுச் சடங்குகளும் சான்றுகளாகக் காட்டப்பட்டன. தமிழ்கூறும் நல்லுலகம் இதனைக் கேட்டு மகிழ்ந்தது. ஆனால் ஒப்பியல் மொழிநூலார் பெரும்பாலோர் இக்கொள்கையை ஏற்கவில்லை. ஒலிமாற்ற விதிகள் உறுதியாக நிறுவப்படவில்லை என்பது அவர்தம் மறுப்பு.

இவ்விரு அறிஞரையும் நாம் எவ்வாறு நினைவு கொள்கிறோம் என்று எண்ணிப் பார்த்தல் தகும். ஓனோவின் கொள்கை மேடைதோறும் பேசப்படுகிறது. கராஷிமாவின் அல்லூரும் ஈசானமங்கலமும் மேடையேறுவது அரிது. முன்னது நம்மைப் பெருமைப்படுத்துகிறது; பின்னது நம்மை நமக்கே விளக்குகிறது. பெருமை தேடும் சமுதாயம் பேச்சாளர்க்கு மாலை சூட்டும். விளக்கம் தேடும் சமுதாயம் மாணவர்க்கு உதவித்தொகை கொடுக்கும். நாம் எதனை விரும்புகிறோம்?

நம் மண்ணில் நடந்தது

நம் முன்னோர் இவ்வினாவுக்கு ஒருமுறை நல்ல விடையளித்தனர். 1950களில் அந்நாள் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்தியவியல் துறை தோன்றவிருந்தபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்குமா, வடமொழி முதன்மை பெறுமா என்ற வாதம் எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரால் நிதி திரட்டினார். எளிய தொழிலாளரும் அதற்கு ஈந்தனர். பல்கலைக் கழகத்தின் வாயிலைக் கண்டிராதோர், பல்கலைக் கழகத்திற் தமிழ் நூல்கள் இருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்தனர். நம் வரலாற்றில் இதனினும் உயர்ந்த கொடை எளிதிற் காணக் கிடைக்காது. 1956இல் துறை தோன்றியது. பின்னர்க் கோலாலம்பூருக்கு வந்தது.

1961இல் தனிநாயகம் அடிகள் அத்துறைக்குத் தலைமையேற்றார். 1913இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்த அடிகள், பல நாடுகளில் உலவித் தமிழைத் தேடியவர். அவரது முயற்சியால் 1964 சனவரியில் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைந்தது. 1966இல் முதல் மாநாடு இங்கு நிகழ்ந்தது. 1679இல் அச்சான பிரோவன்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியைத் தேடிக் கண்டு, அதே 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்புச் செய்தார்.

அக்காலத்து மலாயாப் பல்கலைக் கழகத்தை நினைத்தால் ஏக்கம் மேலிடும். நான்ஹாய் வணிக வரலாற்றை எழுதிய வாங் கங்வூ வரலாற்றுத் துறையில் இருந்தார். 1970இல் மலேசிய, சிங்கப்பூர் இந்தியரைப் பற்றி நூல் எழுதிய சின்னப்பா அரசரத்தினம் இருந்தார். பழைய தீபகற்பத்தின் நிலநூலைச் சீன, இந்திய, அரபுச் சான்றுகளால் ஆக்கிய பால் வீட்லியின் நூலை அப்பல்கலைக் கழகமே 1961இல் வெளியிட்டது. சீனவியலும் இந்தியவியலும் ஒரே வளாகத்தில் இருந்தன. சுவான்சௌக் கல்லைப் படிக்கத் தேவையான அறிவனைத்தும் ஒரு கூப்பிடு தொலைவில் இருந்த காலம் அது.

பின்னர் 1982இல் கிழக்கை நோக்கும் கொள்கை வந்தது. மலேசிய மாணவர் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் சென்றனர். தொழில்நுட்பமும் உழைப்பு ஒழுங்கும் கற்கச் சென்றோரே அவருட் பெரும்பகுதியினர். சிங்கப்பூரில் 2009இல் நாலந்தா–சீவிசய ஆய்வு மையம் அமைந்து, கடல்வழி உறவுகளை ஆராய்வோர்க்கு இடமளித்தது. நாகப்பட்டினத்திலிருந்து சுவர்ணதீபம் வரை நிகழ்ந்த சோழர் கடற்செலவு பற்றிய பெருந்தொகுப்பும் அவ்வாண்டே அங்கு வெளிவந்தது. சீனர்களும் வாளா இருக்கவில்லை. பீக்கிங் வானொலி 1963 ஆகஸ்டு முதல் நாளில் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. சீன இளைஞர் தமிழ் கற்று, தமிழ்ப் பெயர் சூடி, நம்மோடு தமிழிற் பேசினர்.

பூச்சோங்கில் ஒரு வீடு

பொதுவாகப் பேசி முடித்தல் எளிது. ஒரு வீட்டைக் குறித்துச் சொன்னால் நிலைமை விளங்கும். எங்கள் பூச்சோங் வட்டாரத்தில் நான் அறிந்த ஒரு பெண், சீனப் பள்ளியிற் படித்தவள். தந்தை லாரி ஓட்டுநர்; தாய் தொழிற்சாலைப் பணியாளர். சீனம் கற்றால் வேலை கிடைக்கும் என்று அனுப்பினர். தமிழை விட்டுவிட்டார்களே என்று உறவினர் இடித்துரைத்தனர். அப்பெண்ணோ மாலை நேரங்களில் தன் பாட்டியிடம் தமிழெழுத்தைக் கற்றுக் கொண்டாள். பல்கலைக் கழகத்தில் வரலாறு பயின்றாள். சுவான்சௌக் கல்வெட்டின் படத்தை ஒருநாள் என்னிடம் கொண்டு வந்து காட்டி, “ஐயா, இதில் இரு பக்கத்து எழுத்தையும் என்னால் ஓரளவு கூட்டிப் படிக்க முடிகிறது” என்றாள். அன்று எனக்கு உடல் சிலிர்த்தது.

மேற்படிப்பிற்கு வெளிநாட்டில் ஓராண்டு ஆய்வு உதவித்தொகைக்கு அவள் விண்ணப்பிக்க எண்ணினாள். தந்தை என்னைக் கேட்டார்: “ஓராண்டு கொடுப்பார்கள், சரி. அதற்கு மறு ஆண்டு யார் கொடுப்பார்கள், ஐயா?” நான் விடை கூற இயலாமல் நின்றேன். அவள் இன்று ஒரு வணிக நிறுவனத்தில் சீன ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறாள். நல்ல ஊதியம். குடும்பம் நிமிர்ந்தது. அத்தந்தையைக் குறை கூற எனக்கு நா எழாது. குறை அவரிடத்தில் இல்லை. அக்கேள்விக்கு விடை வைத்திராத நம்மிடத்திலேயே உள்ளது.

சீனப் பள்ளிக்குச் செல்லும் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றி நம்மிடையே நெடுநாளாக வழக்காடல் உண்டு. தமிழ்ப் பள்ளிகளை நாம் காத்தல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் சென்றுவிட்ட பிள்ளைகளை இழந்த கணக்கில் எழுதிவிடுவது பேதைமை. அவருட் சிலர்க்குத் தமிழெழுத்தைக் கற்பித்தால், உலகிற் பெரும் பல்கலைக் கழகங்களும் எளிதில் உருவாக்க இயலாத இருமொழி ஆய்வாளரை நாம் பெறுவோம். அதுபோலவே தமிழ்ப் பள்ளியிற் பயின்ற ஒருவர்க்குச் சீனம் கற்க வாய்ப்பளித்தால் பயன் அதுவே.

செய்யத் தக்கன

ஆய்வு உதவித்தொகை என்பது பரிசன்று. அது காலத்தை விலைக்கு வாங்கித் தரும் ஏற்பாடு. ஒருவர் ஓராண்டோ ஈராண்டோ பிழைப்புக் கவலையின்றி நூலகத்தில் அமர்ந்து, அறிந்தோரிடம் கேட்டு, தவறித் திருந்தி, ஒரு நூலை எழுதி முடிக்க அது வழி செய்கிறது. பெரிய பல்கலைக் கழகங்களின் கிழக்காசிய ஆய்வு மையங்கள் முனைவர் பட்டம் பெற்ற இளைஞர்க்கு இத்தகைய வாய்ப்பை வழங்குகின்றன. அவ்வாயிலை அடைய முதலிற் பட்டமும் மொழிப் பயிற்சியும் வேண்டும். அதற்கு முந்திய படிகளிலேயே நம் பிள்ளைகள் நின்றுவிடுகின்றனர்.

ஆகவே நம் சங்கங்களும் ஆலயங்களும் அறநிலையங்களும் ஒன்று செய்யலாம். ஆண்டுதோறும் நடத்தும் விழாக்களுள் ஒன்றன் செலவைச் சுருக்கி, வரலாறும் மொழியும் பயிலும் ஒரே ஒரு மாணவர்க்கு, ஓராண்டிற்கன்று, பட்டம் முடியும்வரை துணை நிற்கலாம். பலர்க்குச் சிறு தொகையைப் பகிர்ந்தளித்துப் படம் எடுத்துக் கொள்வதினும், ஒருவரை முழுமையாகத் தாங்குவது மேலானது. அம்மாணவர் எழுதும் முடிவு நம் பெருமைக்கு மாறாக அமைந்தாலும் தாங்குதல் வேண்டும். அவ்வுறுதி இல்லையேல் அது ஆய்வுக்குக் கொடுத்ததாகாது. புகழுரைக்குக் கொடுத்த கூலியாகும்.

‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்கு ஈந்த தோட்டத் தொழிலாளி, தான் படிக்கப் போகும் நூலுக்காகக் கொடுக்கவில்லை. என்றோ ஒருநாள் யாரோ ஒரு பிள்ளை படிக்கும் என்று கொடுத்தான். அப்பிள்ளை எங்கள் பூச்சோங் வரை வந்து, கல்வெட்டின் படத்தைக் கையில் ஏந்தி நின்றாள். அடுத்த பிள்ளை வரும்போது, மறு ஆண்டு யார் கொடுப்பார் என்று அதன் தந்தை கேட்பார். அதற்குள் நாம் ஒரு விடையை ஆயத்தம் செய்து வைத்தல் வேண்டும்.